பால்கனியில் தாளிப்பு: கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா?

குகைக்காரி | காலை 7:10

நேற்று ராத்திரி மியூனிக் சேலத்தான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவும் விருந்தாளிதான். விருந்தாளி வந்த வீட்டின் ஒழுங்குப்படி நடக்க வேண்டும். என் வீட்டில் தாளிப்பு பால்கனியில்தான். அம்மா போன அக்டோபர் கடைசியில் வந்தபோது ஆறு டிகிரி குளிரிலும் அங்கேதான் தாளித்தார். பழகிக்கொண்டார்." இதற்குக் கீழே ஆளாளுக்கு சபாஷ் வேறு.

தம்பி, பெற்றவள் விருந்தாளியா இல்லையா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஆறு டிகிரியில் உங்கள் அம்மா வெளியே நின்று தாளித்தாரே, அப்போது பால்கனிக் கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா?

ஏற்காட்டு மிளகு | காலை 8:25

அக்கா, குளிருக்கு ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள்? மார்கழி, தை மாதத்தில் எங்கள் ஊருக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். விடிகாலையில் பனி இறங்கி எதிர்வீடு தெரியாது. எங்கள் அம்மாவுக்கு எழுபது வயது. வெளி அடுப்பில்தான் வெந்நீரும் வைக்கிறார், குழம்பும் கொதிக்க வைக்கிறார். இதுவரை ஒரு தும்மல் இல்லை.

நாலுரோடு | காலை 8:40

ஏற்காட்டுக் குளிரும் ஜெர்மனிக் குளிரும் ஒன்றா? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் உடனே ஐரோப்பா ஆகிவிடுமா? உங்கள் மலை 1,500 மீட்டர் சொச்சம். ஒரு ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது. நானும் உங்கள் ஊரில் தங்கியவன்தான்.

ஏற்காட்டு மிளகு | காலை 8:52

தங்கினீர்கள், மறக்கவில்லை. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி பார்க்க இரண்டு நாள் என்று சொல்லி வந்து, ஒன்பது நாள் குடும்பத்தோடு இருந்தீர்கள். ராத்திரி மூன்று கம்பளி கேட்டதும் நீங்கள்தான். அப்போது ஸ்வெட்டர் போதவில்லை போலிருக்கிறது.

குகைக்காரி | காலை 9:05

உங்கள் கம்பளிக் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். மிளகுத் தம்பி, உங்கள் அம்மா நிற்பது அவருடைய வாசல், அவருடைய அடுப்பு. குளிர்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் டிகிரியைக் கேட்கவில்லை, கதவைக் கேட்கிறேன்.

ஸ்டீல்பிளாண்ட் ஓய்வு | காலை 10:15

உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். நானும் மகன் வீட்டுக்கு இரண்டு முறை ஜெர்மனி போய் வந்தவன். அம்மா அப்பாவைக் கூப்பிட அந்தப் பிள்ளைகள் படும் பாடு இங்கே யாருக்கும் தெரியாது. முதலில் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், "இவர்கள் செலவு முழுவதும் என்னுடையது, வைத்தியச் செலவு வந்தாலும் நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டு 29 யூரோ கட்ட வேண்டும். அதற்குச் சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். அப்புறம் ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு. இவ்வளவும் செய்தால் கிடைப்பது, 180 நாளில் 90 நாள். இத்தனை பொறுப்பையும் தலையில் சுமக்கிற பிள்ளை, "அம்மா, வெளியே தாளி" என்று சொன்னால் அது குற்றமா?

குகைக்காரி | காலை 10:31

ஐயா, கையெழுத்துப் போட்டது அரசாங்கத்துக்கு. பத்து மாதம் சுமந்தவள் எந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்? கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா?

மியூனிக் சேலத்தான் | காலை 11:40

இங்கே இப்போதுதான் காலை ஏழு மணி. எழுந்ததும் இதைப் பார்க்கிறேன்.

நான் இருப்பது வாடகை வீடு. மூன்று மாத வாடகை முன்பணமாக வீட்டுக்காரரிடம் இருக்கிறது. காலி செய்யும்போது சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் இருந்தால் அதில் கை வைப்பார். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் அது காற்றை வெளியே தள்ளாது. கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள்ளேயே விடும். சமையலறைக்குக் கதவு கிடையாது. எட்டடி தள்ளி நடைவழிக் கூரையில் புகை மணி. படுக்கையறையிலும் நடைவழியிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பவேரியாவில் 2017 முடிவதற்குள் பழைய வீடுகளிலும் மாட்டச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா வந்த மூன்றாம் நாள், வரமிளகாய் கருகியதும் அது அலறியது. மறுநாள் திரும்பவும். ஞாயிற்றுக்கிழமை வேறு. இங்கே ஞாயிறு என்றால் சத்தமே இருக்கக்கூடாது. மேல்வீட்டுப் பெரியவர் காலில் செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்து கதவைத் தட்டினார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பால்கனியில் அடுப்பு வைத்தேன். அம்மாவைத் தண்டிக்க வைத்தது போல் எழுதாதீர்கள்.

குகைக்காரி | காலை 11:52

வாடகை, வடிகட்டி, புகை மணி, மேல்வீட்டுப் பெரியவர், எல்லாம் எழுதினீர்கள். கதவை மட்டும் எழுதவில்லை.

சரி, வேறு ஒன்று கேட்கிறேன். பால்கனியில் வைத்தது என்ன அடுப்பு?

மியூனிக் சேலத்தான் | மதியம் 12:04

ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு. வெளியிலேயே பிளக் இருக்கிறது. போதுமா?

குகைக்காரி | மதியம் 12:20

போதாது. நாற்பது வருஷம் சமைத்தவள் கேட்கிறேன். தாளிப்புக் கரண்டியை இண்டக்ஷன் அடுப்பு ஏற்றுக்கொள்ளாது. பித்தளை, அலுமினியம் என்றால் சூடே ஏறாது. இரும்புக் கரண்டியாகவே இருந்தாலும் அதன் அடி ஒரு எலுமிச்சம்பழ அகலம்தான். அவ்வளவு சின்ன அடியைப் பாத்திரம் என்றே அந்த அடுப்பு எடுத்துக்கொள்ளாமல் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஆகவே உங்கள் அம்மா கரண்டியில் தாளிக்கவில்லை, சட்டியில் தாளித்திருக்கிறார். கடுகு வெடிக்கிற சூட்டில் எண்ணெய்ச் சட்டி. அதைக் கொட்ட வேண்டிய ரசம் எங்கே இருந்தது? உள்ளே. அப்படியானால் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கதவு சாத்தியிருந்தால் அதைத் திறந்தது யார்?

நாலுரோடு | மதியம் 12:26

குகை அக்கா கேட்டாரே ஒரு கேள்வி! பதில் சொல்லுங்கள் மியூனிக்.

மியூனிக் சேலத்தான் | மதியம் 12:41

ரசப் பாத்திரத்தையும் வெளியே கொண்டுபோய் வைத்துக்கொள்வார். இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் எழுதியது விருந்தாளி என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி பேசவில்லை.

சூரமங்கலம் மருமகள் | மதியம் 1:15

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆறு வருஷமாக இருக்கிறேன், இப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இங்கே எல்லோரும் அம்மா, மகன் என்றே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் ஒரு மருமகளும் இருப்பாள்.

மாமியார் வந்தால் 90 நாள். எனக்கும் கணவருக்கும் முழுநேர வேலை. வேலைக்காரம்மா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் தயிர், காய்கறி எல்லாம் வாங்கிவிட வேண்டும், கொத்தமல்லி மறந்தால் திங்கள்கிழமைதான். குளிர்காலத்தில் ஊர் நேரம் நாலரை மணி நேரம் முன்னால் போகிறது. ஊரில் காலை எட்டரை ஆனதும் மாமியார் போனை எடுப்பார், எங்களுக்கு அப்போது விடிகாலை நாலு. அந்தப் பக்கம் பேசுகிறவர்களுக்குக் காது கேட்காது என்று கத்திப் பேசுவார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட ஒழுங்கு. பக்கத்து வீட்டிலிருந்து கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். அதைப் படித்து அழுதவள் நான், மாமியாரோ மகனோ இல்லை. மாமியாருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட நான் சொல்லவில்லை. கோவில் நோட்டீஸ் என்று சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. தாளிப்பும் குற்றமில்லை. ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கட்டடத்தில் இருக்கப் போகிறவர்கள் நாங்கள்.

குகைக்காரி | மதியம் 1:38

சீட்டை மறைத்தது நல்ல மனசு கண்ணு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மாமியாரைக் கதவுக்கு வெளியே விடவில்லையே.

சூரமங்கலம் மருமகள் | மதியம் 1:44

விட்டிருந்தால் என்னைப் பற்றி இங்கே என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மகன் விட்டால் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறீர்கள். மருமகள் விட்டிருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும்.

அம்மாப்பேட்டை தறி | மதியம் 2:30

விருந்தாளி ஒழுங்கு பற்றி யாரும் பேசவில்லை என்று வருத்தப்படுகிறாரே, நான் பேசுகிறேன். எங்கள் அண்ணன் குடும்பம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. வருவதற்கு முன்னால் அப்பா கக்கூஸை இடித்து வெஸ்டர்ன் வைத்தார். முன்னறைக்கு ஏசி. குடிக்கத் தண்ணீர் கேன். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் வீடும் தறியும் ஒரே கூரைக்குக் கீழே. சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று அண்ணி ஒரு தடவைதான் சொன்னார். அன்றைக்கு நிறுத்திய தறியைப் பத்து நாள் அப்பா ஓட்டவில்லை. பாவு பாதியில் நின்றது. பத்து நாள் கூலி போனது. வந்தவர்களுக்கு வீடு வளைந்துகொடுத்தது. "வந்த வீட்டின் ஒழுங்குப்படி நட" என்று நாங்கள் பேரனுக்குச் சொல்லவில்லை. இங்கே வந்தால் நாங்கள் மாற வேண்டும், அங்கே போனாலும் நாங்கள்தான் மாற வேண்டும் என்றால் அது என்ன கணக்கு?

மியூனிக் சேலத்தான் | மதியம் 2:47

உங்கள் அண்ணன் மீது இருக்கும் கோபத்தை என் மீது இறக்காதீர்கள். நான் ஊருக்கு வரும்போது பாயில்தான் படுக்கிறேன், அண்டாத் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

ஸ்டீல்பிளாண்ட் ஓய்வு | மதியம் 3:10

தறி தம்பி, தாத்தா பேரனுக்காகச் செய்தது அவர் விருப்பம், அதற்கு விலை போடக்கூடாது. இங்கே நாலுரோடு வேறு சபாஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதும். போன வருஷம் "மாம்பழம் தாராளமாகக் கொண்டுபோகலாம்" என்று இங்கேதான் எழுதினார். நம்பி ஒரு டஜன் மல்கோவாவைக் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்துப் போனேன். இறங்கியதும் அத்தனையும் எடுத்துக்கொண்டார்கள். செடி கொடி நோய் இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் மாம்பழம் உள்ளே போகாது. 2019 டிசம்பரிலிருந்து அதுதான் சட்டம்.

நாலுரோடு | மதியம் 3:22

பழம் என்று பொதுவாகச் சொன்னேன். வாழைப்பழம், தேங்காய், அன்னாசிக்கெல்லாம் சான்றிதழ் வேண்டாமே. நீங்கள் விசாரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஸ்டீல்பிளாண்ட் ஓய்வு | மதியம் 3:30

"மாம்பழம்" என்று எழுதினீர்கள். மல்கோவா என்றே எழுதினீர்கள். நெய்யும் போகலாம் என்றீர்கள், பால் சம்பந்தப்பட்ட எதையும் அந்த நாடுகளுக்குள் பையில் கொண்டுபோகக்கூடாது. என் மனைவி ஒரு வாரம் காய்ச்சிய வெண்ணெய் அது. குப்பைக்கூடையில் விழுந்ததை அவள் நின்று பார்த்தாள்.

ஏற்காட்டு மிளகு | மதியம் 3:41

ஐயா, எங்கள் தோட்டத்து மிளகும் காப்பித்தூளும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வறுத்து அரைத்த தூளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாலுரோடு இரண்டு கிலோ வாங்கிப் போனார், காசு இன்னும் வரவில்லை.

நாலுரோடு | மதியம் 3:44

அன்பளிப்பு என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். என் மனைவி சாட்சி.

குகைக்காரி | மாலை 4:20

நெய்யும் காப்பியும் பேசியாயிற்றா? நான் ஏன் கதவையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பிரசவத்துக்கு ஷ்டுட்கார்ட் போயிருந்தேன். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். மருமகன் வேலைக்குப் போய்விட்டார். மகளும் குழந்தையும் அறைக்குள் தூங்கினார்கள். துவைத்த துணியைக் காயப்போடப் பால்கனிக்குப் போனேன். அந்த ஊர்ப் பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. கீழே திருப்பினால் பூட்டு, பக்கவாட்டில் திருப்பினால் திறக்கும், மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சாயும். குளிர் உள்ளே போய்க் குழந்தைக்கு ஆகாதே என்று கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன். அந்த வேகத்தில் என்ன ஆனதோ, பிடித்துக்கொண்டது. தள்ளினால் அசையவில்லை.

நூல்சேலை, காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஈரத் துண்டு. போன் உள்ளே மேஜைமேல். கண்ணாடி வழியாக அது தெரிகிறது. கண்ணாடியைத் தட்டலாம். தட்டினால் குழந்தை எழுந்துவிடும், ராத்திரி முழுக்கத் தூங்காத மகளும் எழுந்துவிடுவாள் என்று தட்டவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து போட்டுவிட்டு, காயாத குழந்தைத் துணியையே எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார், நானும் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. கீழே இறங்கி, தெருவைத் தாண்டி வந்து எங்கள் மணியை அடித்தார். மகள் எழுந்து வந்து கதவைத் திறந்தபோது, "இப்போதுதான் வந்தேன்" என்று சொன்னேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. விரல் மடங்கவில்லை, அன்றைக்குச் சாதம் பிசைந்து சாப்பிட முடியாமல் ஸ்பூன் கேட்டேன். மகள் சிரித்தாள், "அம்மா ஜெர்மன்காரி ஆயிட்டாங்க" என்று.

அதனால் கேட்கிறேன். "பழகிக்கொண்டார்" என்று எழுதினீர்களே தம்பி, எதைப் பழகிக்கொண்டார்?

சூரமங்கலம் மருமகள் | மாலை 4:35

இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள் அம்மா. தயவுசெய்து சொல்லுங்கள். எங்களுக்கு இப்படித்தான் ஒன்றும் தெரியாமலே போகிறது. அப்புறம் எங்களுக்கு மனசே இல்லை என்கிறீர்கள்.

குகைக்காரி | மாலை 4:40

சொல்ல மாட்டேன். அடுத்த முறை என்னைக் கூப்பிடப் பயப்படுவாள்.

மியூனிக் சேலத்தான் | மாலை 5:05

உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது விபத்து, அதுவும் உங்கள் கையால் நடந்தது. அதை எடுத்து என் வீட்டுக் கதவில் மாட்டுகிறீர்கள். என் அம்மா பால்கனியில் நின்ற நேரம் மொத்தம் ஐந்து நிமிஷம். என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் நான்தான் அதைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பேன்.

குகைக்காரி | மாலை 5:12

வேலைக்குப் போவதற்கு முன் மாட்டி வைப்பீர்கள். அப்படியென்றால் அவர் தாளிக்கும்போது நீங்கள் வீட்டிலேயே இல்லை. ஐந்து நிமிஷம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மியூனிக் சேலத்தான் | மாலை 5:20

கதவு ஒருக்களித்திருக்கும். போதுமா? ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் போவார்.

குகைக்காரி | மாலை 5:24

ஒருக்களித்திருந்தால் மிளகாய் நெடி உள்ளே வரும். உள்ளே வந்தால் புகை மணி அடிக்கும். அடிக்காமலிருக்கத்தானே பால்கனி என்றீர்கள்?

ஸ்டீல்பிளாண்ட் ஓய்வு | மாலை 5:31

அம்மா, இது நீதிமன்றம் இல்லை. அந்தப் பையன் சொந்தப் பணத்தில் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருக்கிறான். எத்தனை பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள்?

அம்மாப்பேட்டை தறி | மாலை 5:36

எங்கள் அண்ணன் பத்து வருஷமாகக் கூப்பிடவில்லை. பால்கனியில் நிற்கச் சொன்னாலும் எங்கள் அம்மா போவார். அதற்காக அது சரியாகிவிடுமா ஐயா?

மியூனிக் சேலத்தான் | மாலை 6:02

இனி இந்தப் பேச்சில் நான் எழுதப் போவதில்லை. என்னைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் என் வீட்டைச் சோதனை போடுகிறார்கள். வணக்கம்.

நாலுரோடு | மாலை 6:05

கதவை யார் திறந்தது என்று சொல்லாமலே போகிறார் பாருங்கள்.

ஏற்காட்டு மிளகு | மாலை 6:11

நீங்களும் காப்பித்தூள் காசைச் சொல்லவில்லை.

மியூனிக் சேலத்தான் | மாலை 6:48

கடைசியாக ஒன்று. உங்கள் திருப்திக்காக அம்மாவுக்கே இப்போது போன் செய்து கேட்டேன். "எந்தக் கதவு கண்ணு?" என்கிறார். அவருக்கு ஞாபகம்கூட இல்லை. வரும் ஏப்ரலில் திரும்பவும் வருகிறார், டிக்கெட் போட்டாகிவிட்டது. கஷ்டப்பட்டிருந்தால் வருவாரா?

குகைக்காரி | மாலை 6:55

"ஞாபகம் இல்லை" என்று சொன்னாரா, "எந்தக் கதவு" என்று கேட்டாரா? இரண்டும் ஒன்றில்லை தம்பி. என் மகள் கேட்டால் நானும் "எந்தக் கதவு" என்றுதான் கேட்பேன்.

உங்கள் வீடு அழகாபுரத்தில் என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். சேலத்தில் நான் இருக்கும் குகைப் பகுதியிலிருந்து அதிக தூரமில்லை. ஏப்ரலுக்கு முன்னால் ஒரு நாள் நான் போய் அவரிடம் பேசட்டுமா? சண்டைக்கு இல்லை. அந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க.

மியூனிக் சேலத்தான் | இரவு 7:03

அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.

குகைக்காரி | இரவு 7:04

இழுத்தது யார்? "ஆறு டிகிரி குளிரிலும் அங்கேதான் தாளித்தார்" என்று முதலில் எழுதியது யார்?

நாலுரோடு | இரவு 7:10

நாளைக் காலை வருகிறேன். மிளகு அண்ணா, இரண்டு கிலோ இல்லை, ஒன்றரைக் கிலோ.